எதிர்ப்பாயில் இருந்த கோமதி மாமி

செய்தி வந்தபோது என் வாயில் பிரஷ் இருந்தது. சாதாரண பிரஷ் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நுழைக்கிற, பாட்டில் கழுவும் பிரஷ் குட்டி போட்டது போன்ற ஒன்று. வியாழக்கிழமை காலை, மணி ஏழு இருக்கும். நம் பாராயண கோஷ்டியின் வாட்ஸ்அப்பில் விசாலம் எழுதியிருந்தாள். கோமதி மாமி விடிகாலையில் நெஞ்சுவலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாராம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே ‘எந்தக் கோமதி?’ என்று எழுதி அனுப்பினேன். கரமனையில் நமக்கு இருந்தது ஒரே கோமதி மாமிதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நெருங்கின சிநேகிதி என்று காரணமும் சொன்னீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம், அது உண்மை. சிநேகிதிகளாக இருந்தோமா என்பதில் எனக்கே குழப்பம். அதைத் தெளிவாக்கிக்கொண்டு எழுதலாம் என்று பத்து நாள் தள்ளிப்போட்டேன். தெளியவில்லை. குழப்பத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோமதி மாமி அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே பெண் மீனா பெங்களூரில். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற வாய். அந்த வாயில் அறுபத்தெட்டு வயதிலும் முத்துக் கோத்த மாதிரி பல் வரிசை. அவர் சிரிக்கும்போதெல்லாம் ‘பெருமை பாரு’ என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். முறுக்கைக் கடிக்கமாட்டார், புடவைத் தலைப்பில் வைத்துப் பொடியாக நொறுக்கித்தான் வாயில் போடுவார். அதையும் ஒரு நாசூக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜனை மடத்தில் நாம் பாராயணம் செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். இரண்டு வரிசை, முகத்துக்கு முகம், நடுவே ஒரு முழம் இடம். ஒரு வரியை இந்த வரிசை சொன்னால் அடுத்ததை அந்த வரிசை வாங்கவேண்டும். பதினைந்து வருஷமாக முதல் பாயில் உட்கார்ந்து வரியை எடுத்துக் கொடுப்பவள் நான். குரலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஏலக்காயும் கிராம்பும் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளி டப்பா முன்பெல்லாம் பாராயணம் முடிந்து பிரசாதத்தோடுதான் சுற்றி வரும். எந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, அது ஆரம்பத்திலேயே வர ஆரம்பித்தது. அதுவும் முதலில் என்னிடம். வரி எடுத்துக் கொடுப்பவளின் தொண்டைக்கு என்று நினைத்தேன். எத்தனை மரியாதை இவர்களுக்கு என்று உச்சி குளிர்ந்து, இரண்டிரண்டாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதே சமயத்தில் என் எதிர்ப்பாயில் ஆள் நிலைக்கவில்லை. ஒருத்தி முழங்கால் வலி என்று சுவரோரம் போனாள். விசாலம் ஃபேன் காற்று ஆகாது என்று கடைசிக்குப் போனாள். ஒரு நாள் கோமதி மாமி தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே விரித்து உட்கார்ந்தார். என் இடத்துக்குக் குறி வைத்துவிட்டார், தப்பு கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

நாலு வாரம் அப்படி உட்கார்ந்தார். ஐந்தாவது வெள்ளியன்று எல்லோரும் கிளம்பின பிறகு, பாய் மடிக்க என்னை நிறுத்திக்கொண்டார். சுற்றி வளைக்கவில்லை.

“ஜெயா, உன் வாய் நாறறது. பல்லு தேய்க்காத நாத்தம் இல்ல இது, ஈறு அழுகற நாத்தம். ஏலக்காய் மூடி வைக்கும், ஆத்தாது. நாளைக்கே ஈறு பாக்கற டாக்டர்கிட்ட போ.”

எனக்கு ஏலக்காய் விஷயம் அப்போதுதான் உறைத்தது. மடத்தின் தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. வலியே இல்லையே மாமி, ஒரு பல்கூடச் சொத்தை இல்லையே என்று ஏதோ உளறினேன். “வலிச்சா ஓடியிருப்பியே. வலிக்காததுதான் இதோட சாமர்த்தியம், கேட்டியோ” என்றார். பாயைப் பாதி மடித்தபடி போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பாராயணத்தில் அவர் வாங்க வேண்டிய வரியைக்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். அவரும் பாயை மாற்றவில்லை.

அவர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பாக வருவது வருஷக்கணக்காக இருந்ததுதான். உஷ்ண உடம்பு என்று நானே முடிவு கட்டி, ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் ஜாக்கிரதையாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்திருக்க முடியாது என்று பிற்பாடு டாக்டர் சிரித்தாள். ஈறு ரோஸ் நிறமாக இல்லை, கன்றிச் சிவந்து உப்பியிருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு சந்து. காலையில் வாயில் இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி. சாலை பஜாரில் வாங்கின கொய்யாவைக் கடித்தபோது வெள்ளைச் சதையில் என் பல் வரிசை முழுவதும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதை மகன் பார்ப்பதற்குள் பின்பக்கம் கொண்டுபோய் எறிந்தேன்.

கடைசியில் என்னை விரட்டியது ஒரு பாராயணம். வரி எடுத்துக் கொடுக்கும்போது கீழ் முன்பல் ஒன்று நாக்கு பட்டு அசைந்தது. ‘த’ சொல்லும்போதெல்லாம் அது கதவு மாதிரி ஆடியது. பல் போனால் உச்சரிப்பு போகும், உச்சரிப்பு போனால் முதல் பாய் போகும். எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான். உடம்பைப் பற்றி நினைக்கவே இல்லை.

யாருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்து, ஈறு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனேன். அங்கே பெஞ்சில் கோமதி மாமி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை வேவு பார்க்கவா என்று கேட்டே விட்டேன். “நான் என் வேலையா வந்தேன். நீ உன் வேலையைப் பாரு” என்றார். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டாக்டர் மலையாளப் பெண். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லாக அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்வரை இருந்தால் பயமில்லையாம். எனக்குப் பல இடத்தில் ஆறு, ஏழு. “மோணயாணு ப்ரஸ்னம், பல்லல்ல” என்றாள். பல் இல்லை, ஈறுதான் பிரச்சினை. ஈறு விலகி, உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரைந்துகொண்டிருந்தது. சர்க்கரை பார்க்கச் சொன்னாள். அதுவும் எகிறிக் கிடந்தது, எனக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஆடிய பல்லை எடுக்கவேண்டியதாயிற்று. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றாள். அந்த ‘ஒருவேளை’ இன்னும் என்னை விடவில்லை.

ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது நாலு தடவையாக நடந்தது. வீக்கம் வடிந்ததும் பற்கள் நீளமாகத் தெரிந்தன, சந்துகள் பெரிதாயின. சுத்தம் செய்ததால்தான் பல் கெட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டு மாமியிடம் சண்டைக்குப் போனேன். “பல்லு வளர்ற வயசா உனக்கு? ஈறு முன்னாடியே விலகியாச்சு. வீக்கம் அதை மறைச்சிண்டிருந்தது” என்றார். பிறகு, “ரெண்டு மாசத்துல கெட்டியாகும். இந்த வரைக்கும் உனக்கு இருக்கே, அதுக்குச் சந்தோஷப்படு” என்றார். யாருக்கு இல்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கெட்டியாயிற்று. எடுத்த பல்லுக்குப் பதில் ஒன்று வைத்தார்கள், ‘த’ திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் கோமதி மாமி எதிர்ப்பாயை விட்டு நகரவில்லை. இன்னும் எதற்கு மாமி என்று கேட்டால், “எதிர்ல இருந்தாத்தானே தெரியும்” என்பார். நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதாக நினைவில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் மீனா வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“மாமி, அம்மாவோட பல்லு. வண்டில ஏத்தறச்சே கழட்டியிருக்கா. போட்டு விடணுமா, வேண்டாமா? காரியம் பண்ணி வைக்கற வாத்யாரைக் கேட்டேன், உங்க இஷ்டம்னுட்டார்.”

எந்தப் பல்லு என்று கேட்டேன். காலையில் ‘எந்தக் கோமதி?’ என்று கேட்ட அதே மாதிரி.

மேலும் கீழும் முழு செட். தண்ணீரில் கிடந்தது. மீனா என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தாள், அம்மா என்னிடம் சொல்லியிருப்பார் என்றே நினைத்திருந்தாளாம். மாமிக்கு நாற்பத்திரண்டு வயதில் எல்லாப் பல்லும் ஆடிப்போய் எடுத்துவிட்டார்களாம். அதற்கு முன்னால் பத்து வருஷம் ரத்தம். வீட்டில் உஷ்ணம் என்றார்களாம். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது மேஜையில் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்களாம். ஒருத்தர் மட்டும் தினம் மறக்காமல் ஏலக்காய் கொடுப்பாராம். “எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது மாமி. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியல” என்றாள் மீனா.

போட்டு விடு என்றேன். அவள் டப்பாவை என் பக்கமே நகர்த்தினாள், அதனால் நானே வைத்தேன். தாடை விறைக்க ஆரம்பித்திருந்தது, கொஞ்சம் சிரமமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் வாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் இப்படித்தான் ஆச்சு ஜெயா என்று அன்றைக்குப் பாய் மடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேனா? அந்தப் பல் போயிருக்குமா? பிறத்தியார் வாயைப் பற்றி அத்தனை தைரியமாகப் பேசினவருக்குத் தன் வாயைப் பற்றிச் சொல்ல என்ன வெட்கம்? அப்படிக் கேட்கும்போதே பின்பக்கம் கொண்டுபோய் எறிந்த கொய்யா ஞாபகத்துக்கு வருகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் இல்லாமல் போனது பொறுக்கவில்லை, அது மட்டும் தெரிகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் பழக்கிவிட்ட அந்தக் குட்டி பிரஷ் அல்ல. அது கடையில் கிடைக்கும். அவர் எதிரே இருந்தவரை நான் கேட்கத் தேவையே இல்லாமலிருந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை மறுபடி கூடினபோது டப்பா ஆரம்பத்திலேயே வந்தது, முதலில் என்னிடம். பழக்கமா, மரியாதையா, இல்லை மறுபடியும் அதுதானா? எதிர்ப்பாய் காலியாக இருந்தது. சொல்ல ஆள் இல்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்.

“என் வாய் நாறறதா? மரியாதைக்குச் சொல்லாதீங்கோ.”

விசாலம் கடைசியிலிருந்து எழுந்து வந்து, எதிர்ப்பாயில் உட்கார்ந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து ஊதச் சொன்னாள். ஊதினேன்.

“இல்ல மாமி” என்றாள். எழுந்து போகவில்லை. குரலைத் தாழ்த்தி, “எனக்குத்தான் ஆறு மாசமா ரத்தம் வரது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல” என்றாள்.

நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன்.