எக்கோ போன கச்சேரி

இதை எழுதாமலே விட்டுருப்பேன். எழுதுனா மட்டும் போனவன் திரும்பி வந்துருவானாக்கும்?

டவுண்ல ஒரு பாத்திரக்கடை மாடியில நாங்க நாலு பேரு பேண்ட் வச்சிருந்தோம். வாசிச்சது எத்தியோப்பியா நாட்டு ஜாஸ். அந்த நாடு மேப்புல எங்கன இருக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. ஒம்பதாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னையக் கைகழுவிட்டு.

கூட்டாளி ஒருத்தன் சாக்ஸபோன் ஊதுவான். போன்ல அந்த நாட்டுப் பாட்டைக் கேட்டுட்டு, "ஏலே, அஞ்சே சுரத்துல அழ வைக்கானுவ பாத்தியா"ன்னு ஆரம்பிச்சு வச்சவன் அவன்தான். என் வேலை டப்புங்கிற மிக்ஸிங். பாட்டுல பாதியை அமுக்கிட்டு, மிச்சத்தை எக்கோவுல சுத்த விடணும். அவன் ஒரு ஊதல் ஊதுனா, அது சேரன்மகாதேவி ஆத்துல முங்கி சீவலப்பேரியில எந்திரிக்கணும்.

அவனுக்கு தோஹாவுல ஏசி மெக்கானிக் வேலை வந்துட்டு. "இந்த ஒரு கச்சேரி எடுபட்டா போவ மாட்டேம்லே"ன்னான். கச்சேரி சேரன்மகாதேவியில, தெரிஞ்சவன் தங்கச்சி கல்யாணம். மத்தியானப் பந்தி நேரம்.

ரெண்டாவது நிமிசமே மைக்செட் அண்ணாச்சி ஓடியாந்தாரு. "தம்பி, சத்தம் திரும்பத் திரும்பக் கேக்கு, எங்கனயோ கோளாறு. பயப்படாதிய, சரி பண்ணிட்டேன்." என் எக்கோ பெட்டி ஒயரு அவரு கையில தொங்குது. அம்புட்டு நல்ல மனுசன்.

மத்த ரெண்டு பேரு வாசிப்பை நான் அமுக்கி வச்சிருந்த நேரம். இப்பம் வெறும் சாக்ஸபோன் மட்டும் மெதுவா, ஒத்தையில ஊதுது. பந்தியில சாம்பார் வாளி அப்படியே நின்னுட்டு. நம்ம பக்கம் பாடை தூக்கையில பேண்ட் செட்டுக்காரங்க அப்படித்தான் ஊதுவாங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா எச்சிக்கையோட எந்திரிச்சாரு. "கல்யாண வீட்டுல எவன் சாவுக்குவே ஊதுதிய?"

நான் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகியிருக்கணும். பாழாப்போன வாயி சும்மா இருக்குமா? "மாப்பிள்ளைக்குத்தான் பெரியப்பா"ன்னுட்டேன்.

ஒரு பய சிரிக்கல. பொண்ணோட அம்மை கண்ணைத் தொடச்சா. மேடையை விட்டு இறக்கிட்டாங்க. கூட்டாளி சாக்ஸபோனைப் பைய பெட்டியில வச்சு மூடுனான். அடுத்த வாரம் பிளேன் ஏறிட்டான்.

மத்த ரெண்டு பேரும் மாடிக்கு வாரதில்ல. நான் மட்டும் போயி எக்கோ பெட்டியப் போட்டு, மைக்குல "ஏலே"ங்கேன். பத்து தடவ "ஏலே"ங்கு. பதில் சொல்லத்தான் ஆளில்ல.

போன வாரம் எங்க பழைய ரிக்கார்டிங் ஒண்ணை அவனுக்கு அனுப்பி, "லீவுல வருவேல்லா, சாக்ஸபோனைத் தொடச்சு வையி"ன்னு எழுதுனேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் போட்டான்:

"அதை அன்னைக்கே சாவுக்கு ஊதுற செட்டுக்காரர்ட்ட குடுத்துட்டேம்லே."