சேற்றில் நிமிர்ந்து நின்ற படகு

கடற்கழியோரக் குடியிருப்பான சீத்தா கேம்ப்பில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மீன் பிடிக்க நானும் என் தங்கை கணவர் செல்வமும் விலைக்கு வந்த ஒரு சின்னப் படகைப் பார்த்தோம். அடி தட்டை. கழிமுகத்தில் தண்ணீர் வற்றியபோதும் சேற்றில் நிமிர்ந்து நின்றது. “கடலுக்கும் இது போதும்லா மச்சான்?” என்றார் செல்வம். தலையாட்டினேன்.

வாங்குமுன் கடல்வரை ஓட்டிப் பார்த்தோம். இருவரும் ஒரே பக்கம் நின்று வலையை இழுக்கும்போது, எங்கோ போன கப்பலின் அலை வந்தது. படகு அலையோடு சரிந்து, தண்ணீர் உள்ளே ஏறியது. “வலைய விடுங்க மாப்ள!” என்று கத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். தப்பினோம்.

சேற்றில் சாயாதது அலையில் ஏன் சாய்ந்தது? யோசித்தபிறகே புரிந்தது: தட்டை அடி, கீழே இருப்பது எப்படிச் சாய்கிறதோ அப்படியே சாய்கிறது. சேறு சாய்வதில்லை.

இப்போது எந்தப் படகு பார்த்தாலும், கரையோரத் தண்ணீரிலேயே இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கிறோம். விற்பவர்கள் சிரிக்கிறார்கள். நனைந்தது நாங்கள்தானே!