காலியாக விடக் கூடாத கட்டம்

குமாஸ்தாவுக்கு உருப்படியாக ஒரு வேலையும் தெரியாது என்பது அங்கே வந்த மூன்றாவது வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே என்றால், ஆற்றோரம் கிடந்த ஒரு தரிசு நிலம். எட்டு வருஷத்துக்கு முன் கொஞ்சம் பேர் சேர்ந்து அதைத் திருத்திக் குடியேறினார்கள். இப்போது நாற்பது பேர். அரசாங்கமும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், யாருக்கும் யாரும் மேல் இல்லை, நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்பது அவர்கள் கொள்கை. தலைவர் என்ற சொல்லைக் கெட்ட வார்த்தை மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

கொள்கை நல்ல கொள்கைதான். குமாஸ்தாவுக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதும் அங்கே கொள்கை. ஒரு வருஷம் பார்ப்பார்கள். வருஷக் கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இந்த ஆள் இருக்கலாமா, கிளம்பலாமா என்று முடிவு செய்வார்கள். கிளம்பச் சொல்ல வேண்டுமானால் எல்லாக் கையும் உயர வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் ஆள் தங்கலாம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பேச்சில் இடமில்லை. கதவோரம் போய் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

குமாஸ்தாவின் மனைவிக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. அவள் அப்பா கட்டட வேலைக்காரர். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குச் செங்கல் வைக்கவும் பூசவும் கை பழகியிருந்தது. பிறகு இருபத்தாறு வருஷம், கணவர் நிலப் பதிவு அலுவலகத்தில் தாள் மேல் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் வாடகை வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஓய்வு பெற்றதும், "ஏங்க, மிச்ச காலத்தையாவது எனக்குப் பிடிச்ச மாதிரி இருந்துட்டுப் போறேனே" என்று கேட்டு இங்கே அழைத்து வந்தவள் அவள்தான். ஒரே மாதத்தில் கொத்தனாரம்மா என்று பெயர் வாங்கிவிட்டாள். மழை நீரைப் பிடித்து வைக்கப் பெரிய தொட்டி ஒன்றை அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி அவர் கேட்டதில்லை. இந்த இடத்தை விட்டு அவள் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கிளம்பச் சொன்னால் அவர் தனியாகத்தான் கிளம்ப வேண்டும்.

அதனால் மனிதர் முயன்றார், பாவம். ரொட்டிக்காரம்மாவிடம் போனார். மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அடுப்பில் எத்தனை நிமிஷம் என்று குறித்து வைத்துக்கொண்டார். குறிப்பை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது முப்பது ரொட்டி கரியாகிப் போனது. தச்சரிடம் போய் ஒரு முக்காலி செய்தார். அதில் யாராவது உட்கார்ந்துவிடப் போகிறார்கள் என்று பயந்து தச்சர் அதன்மேல் பூந்தொட்டியைத் தூக்கி வைத்தார். ஆடு கறக்கப் போன கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீங்கிய முழங்கால் சொன்னது.

அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் படிவம் நிரப்புவது. முதல் வாரமே அதைச் சொன்னார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. படிவத்திலிருந்து தப்பித்து வந்தவர்களிடம் போய்ப் படிவம் நிரப்பித் தருகிறேன் என்றால் வேறு என்ன செய்வார்கள்? கடைசியில், தீக்குச்சி கிழிக்கத் தெரியுமல்லவா என்று சொல்லி, பொதுச் சமையலறையில் காலை அடுப்பு மூட்டும் வேலையைக் கொடுத்தார்கள்.

அந்த அடுப்பை மூட்ட அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கத்திடமிருந்து வரும் தபாலை அவர்கள் பிரிப்பதில்லை. முத்திரையோடு அப்படியே அடுப்பில் வைப்பார்கள். எட்டு வருஷமாக அதில் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். இருபத்தாறு வருஷம் ஒரு தாளைக்கூடத் தொலைக்காத மனிதர் கையில், பிரிக்காத உறையைக் கொடுத்துக் கொளுத்தச் சொன்னால் அவர் என்ன ஆவார்? முதல் உறையைக் கொளுத்திய அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காவது உறையைப் பிரித்துவிட்டார்.

எட்டு வருஷமாக எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லாததால் இந்த நிலத்தை யாரும் உரிமை கோராத நிலமாகக் கருதி எடுத்துக்கொள்ளப் போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

அன்றே கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். தபாலைப் பிரித்ததே தப்பு, பிரித்ததைப் பற்றிப் பேசுவது அதைவிடத் தப்பு என்றார் தச்சர். அவர்களை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை, அப்புறம் அவர்கள் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றார்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் புல்டோசர் வரும் என்று குமாஸ்தா சொன்னார். இதைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டு, பேச வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அவருக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவரும் மனைவி கட்டியது.

மறுநாள் விதை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகரத்துக்குப் போய் ஆட்சேபப் படிவத்தை வாங்கினார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றது. 'குழுவின் தலைவர்.' காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள். அவரே அப்படி நூற்றுக்கணக்கான படிவங்களைத் திருப்பி அனுப்பியவர்தான். அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வம்பு பதிலில் வந்தது. அன்றைக்கென்று அவருக்குக் காய்ச்சல். அடுப்பு மூட்டியவள் ரொட்டிக்காரம்மா. உறையை அவள் பிரிக்கவில்லை, அவள் கொள்கைக்காரி. ஆனால் உறையின் மேலேயே 'தலைவர் அவர்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் குமாஸ்தாவின் பெயர் இருந்தது. அதைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள்.

கூட்டம் நடந்தது. அவர் மனைவி வழக்கப்படி கதவோரம் போய் உட்கார்ந்தாள். குமாஸ்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். உறையைப் பிரித்துக் காட்டினார். விசாரணை தேதி கொடுத்திருந்தார்கள்; தலைவர் நேரில் வர வேண்டும். நிலம் நிஜமாகவே போய்விடும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு ரொட்டிக்காரம்மா நிதானமாகச் சொன்னாள்.

"விசாரணைக்குப் போயிட்டு வாங்க. நிலத்தைக் காப்பாத்திக் குடுங்க. அதுக்கப்புறம் கிளம்பிடுங்க. தன்னைத் தலைவர்னு எழுதிக்கிட்ட ஆளு எங்ககூட இருக்க முடியாது."

எல்லாக் கையும் உயர்ந்தது. யாராவது ஒருவர் மறுப்பார் என்று குமாஸ்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நர்சம்மாவின் கையும் மேலேதான் இருந்தது. கதவுப் பக்கம் திரும்பினார். மனைவி உள்ளங்கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அறைக்குப் போன பிறகும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்களுக்காகவா இந்தப் பாடு படுகிறோம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் விசாரணைக்குப் போனார். நிலம் போனால் அவளுடைய தொட்டியும் போகும்.

விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஒரு தாள் விடாமல் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அதிகாரியே ஆச்சரியப்பட்டார். நிலம் குழுவின் பெயரில் பதிவானது. ஒரு நிபந்தனை: தலைவர் அங்கேயே குடியிருக்க வேண்டும். வெளியேறினால் வேறு ஒருவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. மாற்றுப் படிவத்தையும் கையோடு கொடுத்து அனுப்பினார்கள்.

அதைக் கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் வைத்தார் குமாஸ்தா. "பெட்டி கட்டி வச்சிட்டேன். யாராவது ஒருத்தர் இதுல பேர் எழுதுங்க, போயிடறேன்" என்றார்.

பேனா ஒவ்வொரு கையாகச் சுற்றியது. எல்லோரும் படிவத்தைப் படித்தார்கள். அந்தச் சொல்லுக்கு வந்ததும் முகம் மாறி அடுத்தவரிடம் தள்ளினார்கள். தச்சர்தான் ரொம்ப நேரம் வைத்திருந்தார், மூடியைக்கூடத் திறந்தார். பிறகு மூடிக் கொடுத்துவிட்டார். சுற்றி முடித்து அவரிடமே திரும்பி வந்தபோது கட்டம் காலியாக இருந்தது.

திரும்பவும் இரண்டு மணி நேரம் பேச்சு. முடிவைத் தச்சர் சொன்னார்: குமாஸ்தா தங்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் பெயர் இருக்கும்வரை கூட்டத்தில் அவர் வாய் திறக்கக் கூடாது. தலைவர் பேசினால் அது உத்தரவாகிவிடும். நாலு பேர் இது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

போகச் சொன்னபோதுகூடக் குமாஸ்தாவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. வேண்டாத ஆளை வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் வாயைத் தைத்து.

கதவோரத்திலிருந்து மனைவி எழுந்தாள். வழக்கப்படி அவள் பேசக் கூடாது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் கை தூக்கினப்ப, பேசக் கூடாதுன்னு இதே இடத்துல வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெக்கத்துல அவர்கிட்ட இன்னை வரைக்கும் முகம் கொடுத்துப் பேசலை. வேலை தெரியாத மனுஷன்னு நானும்தான் ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." தச்சர் பக்கம் திரும்பினாள். "அவர் பேசக் கூடாத இடத்துல எனக்கு வேலை இல்லை. தொட்டிக்கு இன்னும் நாலு வரிசை செங்கல் பாக்கி. தெரிஞ்சவங்க வச்சுக்குங்க."

வட்டத்துக்குள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தச்சர் ரொட்டிக்காரம்மாவைப் பார்த்தார், ரொட்டிக்காரம்மா குமாஸ்தாவைப் பார்த்தாள். அவளிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன் என்று கையால் ஜாடை காட்டினாள்.

குமாஸ்தா அசையவில்லை. பேசக் கூடாது என்று தீர்மானம் ஆகி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஆயுசில் முதல் தடவையாக விதியை மீறிப் பட்டது போதும் அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வசதியாக உட்காரப் பாயில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்.