டயர்லெஸ்லி என்று எழுதினேன்

என்னிடம் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் கட்டுரையில் ‘டயர்லெஸ்லி’ என்று எழுதினால் எனக்குக் கை பரபரக்கும். பிழையில்லாத சொல்தான். களைப்பென்பதே இல்லாமல், சோராமல் உழைப்பதைச் சொல்வது. ஆனாலும் என் சிவப்புப் பேனை அதன்மேல் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் நகரும். “என் தாய் டயர்லெஸ்லி வேலை செய்கிறார்” என்று எழுதுகிற பிள்ளையை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டு, “உங்கட உம்மா எத்தின மணிக்குப் படுக்கிற?” என்று கேட்பேன். பிள்ளை முழிக்கும். முழிக்கட்டும்.

அந்தச் சொல்லை நான் பிடித்தது கல்முனையில் ஒரு டியூட்டரியில், ஓ.எல். பரீட்சை எழுத இருந்த வருடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உம்மா சவூதிக்குப் போய் இரண்டு வருடம் முடிய இருந்தது. யுத்தப் பிரச்சினைகளோடு வாப்பாவால் வயல்பக்கம் போக முடியாமல் போயிற்று. எனக்கோ வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். வளவுக்குள் சுவர் பாதியில் நின்றபோது, மீதியை எழுப்ப உம்மா ரியாத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார்.

உம்மாவுக்கு எழுத்து அவ்வளவு வராது. கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒரு கசெட் மூன்று வாரம் எங்கள் ரேடியோவுக்குள்ளேயே கிடக்கும். அதில் உம்மா பேசுவது குறைவு. நன்றாகச் சாப்பிடச் சொல்வார், முடியைப் பின்னிக்கொண்டு போகச் சொல்வார், திடீரென்று, “பொறு மகள், கூப்புடுறாங்க, இப்ப வாறன்” என்பார். பிறகு வெறும் இரைச்சல். தூரத்தில் ஒரு பிள்ளை அழும், ஏதோ பாத்திரம் விழும். உம்மா திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். வீட்டில் மற்றவர்கள் அந்த வெறும் இடத்தை ஓட்டிவிடச் சொல்வார்கள். நான் விடமாட்டேன். உம்மா இல்லாத அந்த இடத்தில்தான் உம்மா இருக்கிற வீட்டின் சத்தம் கேட்டது.

ஒரு கசெட்டில் உம்மா சொன்னார்: “மகள், ரெண்டு வரிசம் முடியப் போகுது, மெடம் உடுற மாதிரித் தெரியல்ல. இந்த ஊட்டு மூத்த புள்ள இங்கிலீசு படிக்கிது. நீ இங்கிலீசில ஒரு கடிதம் எழுதி அனுப்பு. அது வாசிச்சித் தாய்க்குச் சொல்லும். நோம்புக்கு என்ன ஊருக்கு அனுப்பச் சொல்லி எழுது.”

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்கள் வீட்டு ஆங்கிலத்துக்கு நான். மூன்று நாள் இருந்து எழுதினேன். ஊர் விதானையாருக்கு எழுதினாலும் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதினாலும் முதலில் புகழ்ச்சி, கடைசியில்தான் கோரிக்கை என்பது நாங்கள் பழகிய முறை. அப்படியே எழுதினேன். மெடம் இரக்கமுள்ளவர் என்று எழுதினேன். என் உம்மா உங்கள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் மாதிரிப் பார்க்கிறார் என்று எழுதினேன். அந்த வரியை மட்டும் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. பிறகு, இரண்டு வருடமாக உங்கள் வீட்டுக்காக அவர் டயர்லெஸ்லி உழைத்திருக்கிறார் என்று எழுதினேன். சொல் அழகாக இருந்ததால் இன்னொரு வரியிலும் போட்டேன். நோன்புக்கு அனுப்புங்கள் என்பது ஆகக் கடைசி வரி. வாசித்துக் காட்டியபோது வாப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “நல்லாரிக்கி” என்றார்.

பதில் கசெட்டில் வந்தது. “மெடம் இன்னும் ரெண்டு வரிசம் நிக்கச் சொல்லிட்டா மகள். நானும் ஓமெண்டிட்டன். நீ நல்ல கடிதம் எழுதியிரிக்காய்.”

எனக்கு உம்மாமேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. நான் கேட்டும் வரவில்லையே, அங்கேயே பழகிவிட்டாரே என்று நினைத்தேன். அந்த நோன்பு முழுக்க நான் கசெட் அனுப்பவில்லை. பெருநாளன்று புது உடுப்பைப் போட மறுத்து, சுவரில் மேசன் ஏறிநிற்கிற சாரத்துக்குக் கீழே மண்ணில் போய் இருந்தேன். சுவர் உயர உயர எனக்கு அதைப் பிடிக்காமல் போயிற்று. உம்மா வேண்டும், வீடு வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். யாரிடம் சொல்வது?

உம்மா வந்தபோது ஓடு போட்டாயிற்று. தொழுகைக்கு முழங்கால் மடியாமல் கதிரையில் இருந்து தொழுகிற உம்மாதான் வந்தார். ஒரு நாள் சாயந்தரம் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

“அப்ப ஏன் உம்மா வரல்ல?”

“நீ எழுதின கடிதத்த எல்லாரயும் இருத்திவெச்சி அந்தப் புள்ள வாசிச்சிச்சி. ‘இவ களைக்கிறதே இல்லயாம், மகள் எழுதியிரிக்கா’ எண்டிச்சி. மெடம் என்னப் பாத்து, மெய்தானா எண்டு கேட்டா.”

“நீங்க என்ன சொன்ன?”

“நான் பெத்த புள்ள இங்கிலீசில எழுதினத்த, அத்தின பேருக்கு முன்னால நான் பொய்யாக்கிறயா? ஓம், களைப்பில்ல எண்டன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அதில் இன்னும் பெருமை இருந்தது. நான் ஒத்தடத் துணியைத் திருப்பிப் பிடித்தேன். அந்த இரண்டு வருடத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

இப்போது உம்மா இல்லை. அவர் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். நான் பாடம் நடத்துவதும் அதன் முன்னறையில்தான். அந்தக் கசெட்டுகளில் ஒன்று தப்பியிருக்கிறது. மனம் கேட்காத நாட்களில் போடுவேன். “பொறு மகள், இப்ப வாறன்” என்பதற்குப் பிறகு வருகிற வெறும் இடத்தைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன். போகிற காலடி சுறுக்காகப் போகிறது. திரும்பி வருகிற காலடி இழுபடுகிறது, நின்று நின்று வருகிறது. அந்தக் கசெட்டை நூறு தரம் கேட்ட பிறகுதான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.