எதிர்வீட்டுப் பரஸ்தானம்

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவிலிருந்து ஞானம்மாளுக்குத் தெரியாமல் யாரும் வெளியூர் கிளம்பிவிட முடியாது. ஒருவன் பையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினால் போதும், வாசலில் நின்றபடியே குரல் கொடுப்பாள்.

"யோவ் ராஜமாணிக்கம்! இன்னிக்கு வடக்கே சூலம்யா. திருப்பதியில மொட்டை இல்லே, தோலையே உரிச்சிக் குடுத்தாலும் பலிக்காது."

ராஜமாணிக்கம் வீட்டுக்குத் திரும்பி, சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு வாய் பாலைக் குடித்துவிட்டு, அவள் தலை மறையும்வரை காத்திருந்து ஓடுவான். தெருவுக்கு அது நல்ல வேடிக்கை. மருமகள் கமலாவுக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கமலாவின் அப்பா பள்ளிப்பட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னது ஒரு புதன்கிழமை உச்சி வேளையில். கட்டின புடவையோடு வாசலுக்கு ஓடியவளை ஞானம்மாள் கையைக் குறுக்கே நீட்டி மறித்தாள்.

"ராகு காலம். முடியட்டும்."

"அத்தே, நைனா மூஞ்சியை ஒருவாட்டி பாத்துடறேன் அத்தே."

"மூஞ்சி எங்கேயும் போவாது. நில்லு."

கமலா வாசற்படிமேலேயே நின்றாள். அவள் பார்க்கப் பார்க்கத்தான் பள்ளிப்பட்டு பஸ் தெருமுனையில் திரும்பிப் போனது. அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்தவளிடம் ஞானம்மாள் கேட்ட முதல் கேள்வி: "உசுரு நல்ல நேரத்துலதானே போச்சு?"

வீட்டின் முன்னறை ஞானம்மாளுடையது. கட்டில், செத்துப்போன புருஷனின் படம், தெருவைப் பார்த்த ஜன்னல். சாவி எப்போதும் முந்தானை முடிச்சில். பெரிய மகன், கமலாவின் புருஷன் இளங்கோவன், ஆர்.கே.பேட்டையில் அடுத்தவன் விசைத்தறியில் கூலிக்கு நின்றான். அந்த அறை கிடைத்தால் சொந்தமாகவே ஒரு தறி போடலாம் என்று கமலா வருஷக்கணக்காகக் கேட்டுப் பார்த்தாள்.

"போடு, போடு. என்னைத் தூக்கினு போனப்புறம் எத்தினி தறி வேணும்னாலும் போடு" என்பதுதான் பதில்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அமெரிக்காவிலிருந்து சின்ன மகன் நாகேந்திரன் போன் செய்தான். தெருவில் போன் இருந்தது வாஹித்தின் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடையில் மட்டுமே. ஆடி பிறந்த கையோடு மனைவி வனஜாவோடு குடும்பமாக உல்லாசக் கப்பலில் போவதாகவும், அம்மாவும் வரவேண்டும் என்றும் சொன்னான்.

"கப்பல்லியா? எந்த ஊருக்கு நைனா?"

"எந்த ஊருக்கும் இல்லம்மா. மயாமியில ஏறினா தீவெல்லாம் சுத்திட்டு மறுபடி மயாமியிலயே எறக்கி வுட்டுடுவான்."

"ஏறின எடத்துலியே எறங்கறதுக்கா அவ்ளோ துட்டு?" என்றாள் ஞானம்மாள். சொன்னாளே தவிர, அன்று மாலைக்குள் தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கப்பலில் ஏறி இறங்கிவிட்டாள்.

பாஸ்போர்ட்டும் விசாவும் வந்துவிட்டன. பிளைட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாஹித்தின் மச்சான் மெட்ராஸ் மண்ணடியில் துபாய்க்காரர்களுக்கு டிக்கெட் போடுகிறவன். அவன் போனில் சொன்னதை வாஹித் பட்டறைப் பலகைமேல் பரப்பிக் காட்டினான். ஸ்பானர் மெட்ராஸ், ஒரு நட்டு பம்பாய், இன்னொரு நட்டு லண்டன், பிஸ்டன் பிராங்பர்ட், ஆயில் டின் நியூயார்க். நடுவில் கிடந்த அழுக்குத் துணி அட்லாண்டிக் சமுத்திரம்.

"அம்மா, ஒழுங்கா கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை பகல்ல ஒண்ணு. பிராங்பர்ட் வழி. நாகேந்திரன் சிநேகிதன் அப்பா பக்தவச்சலம் சார் ஆவடியிலேர்ந்து வூட்டுக்காரம்மாவோட அதுலதான் போறாரு. கையைப் புடிச்சினு போயி கொழந்தையாட்டம் வுட்டுடுவாங்க. இன்னொண்ணு ஞாயித்துக்கிழமை. லண்டன்ல எறங்கி, ராத்திரி ஓட்டல்ல தங்கி, மறுநாள் வேற பிளைட்டு மாறணும். தனியா."

"வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்கு எடுக்கிறான்?"

வாஹித் நேரத்தைச் சொன்னான். ஞானம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சுத்த ராகு காலம். மேக்கே சூலம் வேற. அறிவிருக்குதா அந்தக் கம்பெனிக்காரனுக்கு?"

"ஞாயித்துக்கிழமையும் மேக்கே சூலம்தானே அத்தே?" கூட வந்திருந்த கமலா கேட்டாள்.

"சூலத்துக்கு வழி இருக்குது."

"கொஞ்சம் வெல்லம் வாயில போட்டுக்கினா போதும்னுவீங்களே."

"அரக்கோணம் போறவளுக்கு வெல்லம் போதும். சமுத்திரம் தாண்டறவளுக்குத் தாங்குமாடி? பரஸ்தானம் இருக்கணும். முன்னாடியே நல்ல நேரமா பாத்து மூட்டையோட வூட்டை வுட்டு எறங்கி இன்னொரு வூட்டுல போயித் தங்கிட்டா, அப்பவே பிரயாணம் கெளம்பின கணக்கு."

"அப்போ அதையே வெள்ளிக்கிழமைக்கும் செய்யலாமே அத்தே? கூட ஆள் துணையும் இருக்குது."

"நான் நல்ல நேரத்துல கெளம்பிடுவேன். ஏரோப்ளேன் ராகு காலத்துல கெளம்புதே? அதுக்கு உங்கப்பன் வந்து பரஸ்தானம் வெப்பானா?"

வாஹித் குனிந்து பிஸ்டனைத் துடைத்தான். ஞானம்மாளே பிஸ்டனைப் பலகையிலிருந்து ஒதுக்கிவிட்டு, லண்டன் நட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். "இதுல போடு. ஒரு ராத்திரிதானே? லண்டன்காரன் என்னை இன்னா கடிச்சித் தின்னுடுவானா?"

ஆனி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, நல்ல நேரத்தில், பாவாடைக் கயிற்றில் பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொண்டு ஞானம்மாள் வீட்டை விட்டு இறங்கினாள். பெட்டி இளங்கோவன் தலையில். பயணப்பட்டுப் போன தூரம், தெருவின் அகலம். மேற்கே, எதிர்வீட்டு ஜெயம்மாள் வீட்டு முன்பக்கத்து அறை. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு ஜெயம்மாள் வாடகைக்கு விடுகிற அறை.

படியிறங்கும்போது கமலா கேட்டாள். "அத்தே, சாவி?"

ஞானம்மாள் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லே, நீங்கதான் உங்க பெரிய புள்ளே இன்டர்வியூவுக்குப் போறப்போ சொன்னீங்க. வூட்டுச் சாவியை இடுப்புல வெச்சினு போனா மனசு வூட்டுல, காலு ரோட்டுல, அது பரஸ்தானமே இல்லேன்னு."

சொன்னது உண்மைதான். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஞானம்மாள் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். "பயணம் முடிச்சினு வர வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

மறுநாள் பகலில் ஒரு லாரி வந்து நின்றது. கட்டில் கூடத்துக்குப் போயிற்று, புருஷன் படம் பரணுக்கு. கமலாவின் தம்பி ஆனந்தன் பழைய விசைத்தறி ஒன்றை ஆள் வைத்து இறக்கினான். எதிர் ஜன்னலிலிருந்து ஞானம்மாள் கத்தினாள். "டேய் இளங்கோவா! இன்னாடா நடக்குது?"

இளங்கோவன் தறியின் பின்னால் குனிந்துகொண்டான். கமலாதான் வெளியே வந்தாள். "நீங்க வர ஆறு மாசம் ஆவுமே அத்தே. ஆடி பொறக்கறதுக்குள்ள எறக்கி வெச்சிடலாம்னுதான். நேரமெல்லாம் பாத்துட்டேன். நல்ல நேரம்தான்."

ஞானம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அமெரிக்கா போகிறவள் ஒரு தறிக்காகத் தெருவில் சண்டை போடுவாளா?

சனிக்கிழமை காலை வாஹித் கடையில் போன் வந்தது. ஞானம்மாள் ஓடினாள்.

"அம்மா, நான் சொல்றதைப் பொறுமையா கேளு. லண்டன்ல தனியா தங்கி, பிளைட்டு மாறி, உன்னால முடியாதும்மா. நைட்டெல்லாம் எனக்குத் தூக்கமில்லே. வனஜாவும் பயப்படறா."

"நான் பாத்துக்கறேன் நைனா."

"பக்தவச்சலம் சாரோட வந்திருந்தா பிரச்சினையே இல்லே. நேத்தே அவங்க கெளம்பிட்டாங்க. உன் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேம்மா. கப்பல்ல அந்தப் படுக்கை காலியா போவுதேன்னு வனஜாவோட அம்மாவை வரச் சொல்லியிருக்கோம். அவங்களுக்கு இங்கிலீஷ் வரும். உனக்கு அடுத்த வருஷம் பாக்கலாம். சரியா? வெச்சிடறேன், மீட்டர் ஓடுது."

ஞானம்மாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். வாஹித்தான் வாங்கி வைத்தான். "டீ சொல்லட்டுமாம்மா?" என்றான். அவள் நேராகத் தன் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

கமலா வாசற்படியில் நின்றாள். கையைக் குறுக்கே நீட்டவில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"பயணம் முடிஞ்சிடுச்சா அத்தே?"

"போவலடி. கேன்சல் பண்ணிட்டான்."

"ஐயோ. பரஸ்தானம் வெச்சிட்டுப் பாதியில திரும்பினா வூட்டுல இருக்கிற சின்னஞ்சிறுசுக்கு ஆவாதே. ஜெயம்மா அத்தை மவ பாதி வழியில திரும்பி வந்தப்போ இதைச் சொல்லித்தானே நடு ரோட்டுல நிக்க வெச்சீங்க?"

"அடியே, அது நான் சும்மா..."

"சும்மாவா?"

சும்மா சொன்னது என்றால், பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

"அறையை மட்டும் வுட்டுடு கமலா. கட்டிலைப் போட்டுக்கறேன்."

"திங்கக்கிழமை ஆடி பொறக்குது. ஆடியில தறியைப் பேத்தெடுக்கக் கூடாது, யாரும் குடி வரவும் கூடாது. ஆவணி வரட்டும், நல்ல நாளா பாப்போம். சோறு வேளைக்கு வந்துடும் அத்தே."

"இளங்கோவா!" என்று அவள் கூப்பிட்டாள். தறிச் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்கவில்லை. கேட்காதபடி அவன் அன்று பகல் முழுக்கத் தறியை நிறுத்தவே இல்லை.

ஆடிக் கிருத்திகை நெருங்கியதும் ஜெயம்மாள் வந்து அறைக் கதவைத் தட்டினாள். "கோச்சிக்காதே ஞானக்கா. ஆரணியிலேர்ந்து வருஷா வருஷம் வர காவடிக்காரங்க. பெட்டியைக் கொஞ்சம் நடையில வெச்சிக்கோ." இப்படித்தான் ஞானம்மாள் செருப்புகளுக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவில் பெட்டிமேல் உட்கார வேண்டியதாயிற்று. மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் அவளைத் தாண்டிப் போகையில் மரியாதையாகக் கேட்டார்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?"

அவள் வாயைத் திறக்குமுன் ஜெயம்மாள் உள்ளேயிருந்து, ஞானம்மாளின் குரலிலேயே இழுத்துச் சொன்னாள். "சமுத்திரம் தாண்டறவங்க சாமி. இது லண்டன் ஓட்டலு. ஒரு ராத்திரிதான்."

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் ராஜமாணிக்கமும் இருந்தான்.

அன்று புதன்கிழமை. ஞானம்மாள் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. உச்சி வேளைக்குமேல் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கமலா சோற்றுத் தட்டோடு வாசற்படிக்கு வந்தாள். ஒரு காலை வெளியே எடுத்து வைத்தவள், நின்று, சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராகு காலம் அத்தே" என்றாள் தெரு கேட்க. "முடியட்டும்."

தட்டை ஏந்தியபடி அங்கேயே நின்றாள். ஆவி அடங்குகிறவரை நின்றாள்.