பின்தட்டில் கட்டிய மிஷின்

தெருவில் அவளுக்கு டெய்லரம்மா என்றுதான் பெயர். முப்பத்தோரு வருடம் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்தாள். முன்னறை சன்னலுக்குக் கீழே கால் மிஷின், அதை ஒட்டித் துணி வைக்கும் டிரங்குப் பெட்டி. ஒரு குழந்தை வாசற்படி ஏறும்போதே அதன் தோளகலத்தைச் சொல்லிவிடுவாள். டேப்பை வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் தப்பாது. கையில் வேலை இருந்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

புருஷனை எல்லோரும் எடைக்காரர் என்பார்கள். ஊர் எல்லையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் வேலை. கண்ணாடி அறைக்குள் அவர் இருப்பார், டிரைவர்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். கண்ணாடியில் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகத்தான் பேச்சு. "நாற்பது கிலோ கூட. இறக்கிட்டு வா." அவ்வளவுதான். கெஞ்சுவதைக் கேட்க அந்த ஓட்டையில் காது வைத்ததில்லை. முப்பது வருடம் அப்படிப் பேசிப் பழகியவர் வீட்டிலும் அப்படியேதான் பேசினார். அவள் ஏதாவது நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால், "இதுல எத்தனை கிராம் தேறும்?" என்று கேட்பார். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். வளர்ந்து வேறு ஊரில் ஆபீஸ் வேலைக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்பு அவனை விட்டுப் போகவில்லை.

ஓய்வு பெற்றதும் எடைக்காரர் ஒரு பழைய கேரவன் வாங்கினார். சினிமா நடிகர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி பெரிய வண்டி இல்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வண்டி. இரண்டே சக்கரம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு தொட்டி. ஒருவர் திரும்பிப் படுத்தால் இன்னொருவர் எழுந்து உட்கார வேண்டும். மாதத்தில் பத்து நாள் ஏரிக்கரை, மலையடிவாரம் என்று போய்த் தங்கி மீன் பிடிப்பது அவருடைய ஆசை. அவளுக்கு அந்த ஆசை கிடையாது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று சொன்னதற்கு, "அங்க எனக்குச் சமைக்கிறது யாரு, ஏரியில இருக்கிற மீனா?" என்று கேட்டுவிட்டார்.

"அப்ப மிஷினையும் எடுத்துக்கிறேங்க. பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு மாசம்தான் இருக்கு. நூத்தி இருபது செட்டு பாக்கி நிக்குது."

"தைக்க வேண்டாம்னு நான் சொல்லலையே. வண்டிக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றேன். உள்ள மூச்சு விட இடம் வேணும்."

அதிலிருந்துதான் சாமான்கள் ஒவ்வொன்றாக வண்டிக்கு வெளியே போக ஆரம்பித்தன. கொக்கிக்கும் வண்டிக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதன் மேல் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தினார். பாரம் வைக்க நல்ல இடம் அதுதான். அதில் அவருடைய தூண்டில்கள், பேட்டரி, ஸ்பானர்கள், மடக்கு நாற்காலி எல்லாம் போய்ச் சேர்ந்தன. கூரைத் தகடு மெலிசு, அதன் மேல் தார்ப்பாயும் இரண்டு பாயும்தான் தாங்கும். மிச்சம் இருந்தது வால்பக்கம். பட்டறைக்குப் போய், வண்டியின் பின்னால் ஆங்கிள் இரும்பில் ஒரு தட்டு வைத்துத் தரச் சொன்னார்.

வெல்டிங்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மிஷினையும் டிரங்குப் பெட்டியையும் பார்த்தார். "ரெண்டும் சேர்ந்து என்ன எடை சார் வரும்?"

"அறுபத்திரண்டு."

"ரெண்டு சக்கர வண்டி. சக்கரத்துக்குப் பின்னாடி இவ்வளவு ஏத்தினா முன்கொக்கி லேசாயிடும். வால் ஆடும். இதை முன்பெட்டியில வெச்சுட்டு, லேசான சாமான பின்னாடி வெக்கலாமே?"

"எடையைப் பத்தி எனக்கா சொல்றே?" என்றார் எடைக்காரர். லாரி டிரைவர்களுக்கு இதே விஷயத்தை ஆயிரம் தடவை சொன்னவர் அவர். தெரியாமல் இல்லை. முன்பெட்டி அவருடையது, அவ்வளவுதான் காரணம்.

வேலை முடிந்ததும் வெல்டிங்காரர் தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். "முனை கத்தி மாதிரி இருக்கு. அரம் போட்டு மழுக்கித் தர்றேன். நாளைக்குக் காலையில வாங்க."

"நாளைக்கு நான் ஏரியில இருப்பேன்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏரிக்கரையில் ஒன்பது நாள் தங்கினார்கள். அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் மரத்தடியில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இன்னொரு கேரவனில் ஒரு தம்பதி. இரண்டு பேரும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சாயங்காலம் அரட்டைக்கு வருவார்கள். எடைக்காரர் ஆள் பார்த்துப் பேசுவதில் கெட்டிக்காரர். அவர்கள் இருக்கும்போது அவருடைய வாய் இன்னும் நீளும்.

கிளம்பும் நாள் காலை. எடைக்காரர்தான் மிஷினையும் பெட்டியையும் பின்தட்டில் ஏற்றி, அகலமான நைலான் பெல்ட்டைச் சுற்றி இறுக்கினார். அவள் கடைசியாக ஒரு பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவள், பெல்ட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். தட்டின் முனையில் உராய்ந்து உராய்ந்து ஓரம் பிய்ந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு இழை போய்விட்டது. துணியோடு வாழ்ந்தவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும்.

"என்னங்க, பெல்ட்டு அறுந்துட்டு வருது. இந்த முனையில கொஞ்சம் துணி சுத்திட்டு, பெல்ட்டை மாத்திக் கட்டலாம்."

வழியனுப்ப வந்த வங்கித் தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். எடைக்காரர் பெல்ட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அவர்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"பட்டன் தைக்கிறவ எனக்குப் பாரம் கட்டச் சொல்லித் தர்றா பாருங்க. அடுத்த தடவை இவளைப் பின்தட்டுல கட்டிட்டு மிஷினை முன்சீட்டுல உக்கார வெச்சுக்கிறேன். அதுக்கு வாய் கிடையாது. எடையும் குறைவு."

வங்கிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் மனைவி, "போதும் விடுங்க, பாவம்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அந்தப் 'பாவம்'தான் டெய்லரம்மாவை அதிகம் சுட்டது.

ஒரு மணி நேரம் கழித்து பெட்ரோல் போட நிறுத்தினார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு அவள் வண்டியின் பின்பக்கமாக வந்தாள். பெல்ட்டில் இப்போது இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். அதுவும் பஞ்சு பஞ்சாக நின்றது. எடைக்காரர் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அவள் கூப்பிடவில்லை. போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது மனதில் என்ன இருந்தது என்று பிறகு அவளே பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். மிஷின் விழட்டும் என்று இருந்தது. தன்னுடைய மிஷின்தான், சுக்குநூறாகப் போகட்டும். விழுந்த பிறகு அந்த மனிதர் இறங்கி வந்து, ஒரே ஒரு தடவை, தான் சொன்னது தப்பு என்ற முகத்தோடு நிற்பதைப் பார்க்க வேண்டும். அதற்காக அவளுடைய பிழைப்பையே கொடுக்கத் தயாராக இருந்தாள். பின்னால் வருகிறவர்களைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. சாலையில் தாங்கள் இரண்டு பேர் மட்டுமே போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

இறக்கத்தில் வால் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு காரையே இடமும் வலமும் பிடித்து இழுக்கிற மாதிரி. எடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். "உன் சாமானாலதாண்டி இது." வளைவில் திரும்பும்போது பின்னால் 'டம்'மென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து இரும்பு ரோட்டில் இழுபடும் சத்தம். அதற்குப் பிறகு, இரண்டிலும் சேராத ஒரு சத்தம்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவன் ஒரு ரொட்டிக்காரன். கடைகளுக்கு ரொட்டி போடுகிறவன், நாற்பது வயது இருக்கும். மிஷினின் இரும்புக் கால் அவனுடைய இடது காலின் மேல் கிடந்தது. ரோடு முழுக்க நீல நிறச் சீருடைத் துணியும் ரொட்டியும் சிதறிக் கிடந்தன. டெய்லரம்மா ஓடினாள். கையில் கிடைத்த துணியைப் பல்லால் கடித்துக் கிழித்து, அவன் தொடையில் சுற்றி, வரும்போதே முன்பெட்டியில் எடுத்திருந்த ஒரு ஸ்பானரைச் செருகி முறுக்கினாள். "என் கண்ணைப் பாருப்பா. இங்க பாரு. கீழ பாக்காத." அவன் கீழேதான் பார்த்தான்.

எடைக்காரர் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அவரிடம் வரவே இல்லை.

அந்தக் கட்டு இல்லையென்றால் ஆள் வழியிலேயே போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். காலை மட்டும் முட்டிக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார்: "பின்னாடி பாரத்தைக் கட்டுனது யாரு?"

எடைக்காரர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அது இவ சாமான் சார். இவதான் கட்டுனா. நான் வண்டி ஓட்டுறவன்."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"கட்டுனது அவருங்க. பெல்ட்டு அறுந்துட்டு வர்றதைப் பாத்தது நான். ஒரு தடவை சொன்னேன். பெட்ரோல் பங்க்ல ரெண்டாவது தடவை பாத்தேன். அப்பச் சொல்லல."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஏம்மா சொல்லல?"

"முதல் தடவை சொன்னதுக்குச் சிரிச்சாங்க."

அதிகாரி, "இதை அப்படியே எழுதிக்கவா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

ஓட்டியவர் என்பதால் எடைக்காரரின் லைசென்ஸை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்தார்கள். ஆனால் வழக்கு நடந்தபோது அவருடைய வக்கீல் அவள் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தவர் இந்த அம்மா" என்று நாலு தடவை சொன்னார். பொய் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து எடைக்காரர் அவளை டெய்லரம்மா என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடுவதில்லை. தட்டில் சோறு குறைந்தால், "கொலைகாரி, இன்னும் கொஞ்சம் போடு" என்பார். ஆள் சாகவில்லையே என்று ஒருநாள் அவள் சொன்னதற்கு, "அதுல உனக்கு வருத்தமா?" என்று கேட்டார்.

மகன் போனில் வந்தான். "ஏம்மா, 'நான் பாக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இந்த வயசுல அப்பாவைக் கோர்ட்டுல நிக்க வெச்சுட்டியே."

"நான் பாத்தேனேடா."

"பாத்தா என்ன? நீ எதைப் பாத்து எப்ப என்ன கிழிச்சே?" சொல்லிவிட்டு, பழைய வழக்கப்படி ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டாள். நாலு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தாள், பெற்றவள்தானே.

பள்ளிக்கூடங்கள் சீருடை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டன. வேலை இல்லாத கை அவளைத் தூங்க விடவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் காலையில் ரொட்டிக்காரன் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவைத் திறந்தது அவன் மனைவி. யாரென்று தெரிந்ததும் அவள் கத்துவாள், அடிப்பாள் என்றெல்லாம் நினைத்துத்தான் டெய்லரம்மா போயிருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய், ஒரு பையைக் கொண்டுவந்து கொட்டினாள். ஆறு கால்சட்டை.

"தைக்கத் தெரியும்தானே? இடது காலை மடிச்சுத் தைங்க."

உட்காருங்கள் என்று சொல்லவில்லை. டெய்லரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். கட்டிலில் இருந்தபடி ரொட்டிக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல் கால்சட்டையை மடித்துக் குத்தும்போது அவன் குரல் கொடுத்தான்.

"மடிக்காதீங்கம்மா. வெட்டிடுங்க."

"வெட்டினா துணி வீணாப் போகுமேப்பா."

"மடிச்சு வெச்சா, என்னைக்காவது பிரிச்சுப் போட்டுக்கலாம்னு தோணுது. வெட்டிடுங்க."

அவள் வெட்டினாள். ஆறு துண்டுகளையும் அவன் மனைவி பொறுக்கிக் குப்பையில் போட்டாள். மூன்றாவதைத் தைக்கும்போது அவன் மறுபடி கேட்டான்: "அந்தப் பெட்ரோல் பங்க்... அங்கிருந்து நான் விழுந்த இடம் எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?"

"பதினெட்டு."

அவன் மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தான். "நீங்க பெல்ட்டைப் பாத்தப்ப நான் பேக்கரியில நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்திருப்பேன்" என்றான். கோபம் எதுவும் இல்லை. கணக்குச் சரியாக வந்ததில் ஒரு திருப்தி மாதிரிகூட இருந்தது. டெய்லரம்மாவுக்கு விரலில் ஊசி ஏறியது தெரியவில்லை. துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போனாள். கிழிசல், தலையணை உறை, பிள்ளையின் பள்ளிப் பை, எது இருந்தாலும் அந்தப் பெண் வாசற்படியில் கொண்டுவந்து வைப்பாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை. எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் வெயிலில் வந்து உட்கார்ந்தவள் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டிக்காரன் மனைவி தன் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தம்ளரை எடுத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றினாள்.

"இனிமே வராதீங்க" என்றாள்.

"நான் ஏதாவது தப்பா..."

"இல்ல. எனக்குப் பழகிப் போச்சு. நீங்க வர்ற நாள் எதுன்னு எனக்கே தெரியுது. அது நடக்கக் கூடாது. என்னால ஆகாது. போயிடுங்க."

டெய்லரம்மா பாதி தைத்த சட்டையை மடித்துப் படியில் வைத்தாள். ஊசியை எடுத்துச் செருகிக்கொண்டாள். கட்டிலில் இருந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறானா இல்லையா என்று தெரியவில்லை. அவள் தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வீட்டில் எடைக்காரர் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பார். அன்று லைசென்ஸ் திரும்பக் கிடைத்து இரண்டாவது நாள்.