தொண்டை கட்டிய டீச்சர்

வேங்கிக்காலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் நாட்களில் டீ கொண்டுபோவது என் வேலை. பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் வருவார். ஒல்லியான உடம்பு. சாக்பீஸ் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்வார். குரல் மட்டும் வாசல் கேட்டைத் தாண்டிக் கேட்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்து டீச்சர் ஒருவர் அவரிடம் வந்தார். வயதில் பெரியவர். தலைமை ஆசிரியர் பதவி வருகிறதாம், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

"ஆம்பளைங்க நடுவுல நின்னு பேச எனக்கு வராதும்மா."

பயிற்சி டீச்சர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். மணி அடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ட கட்டிக்கிச்சு. மத்தியானம் நீங்க நடத்துங்கம்மா" என்றார், கம்மிய குரலில்.

அந்தம்மா போர்டு முன்னால் போய் நின்று, மெதுவாக ஆரம்பித்தார்.

"சத்தமா, டீச்சர்! வீட்ல சாரை மிரட்றாப்ல" என்றார் ஒரு வாத்தியார்.

"அவரு மிரட்டாமலே அடங்கிடுவாருங்க. நீங்கதான் அடங்கல" என்றார் அந்தம்மா.

ஒரே சிரிப்பு. பிறகு வகுப்பு நன்றாகவே போனது.

கடைசி பெஞ்சில் இருந்த பயிற்சி டீச்சருக்கு நான் வெந்நீர் கொண்டுபோனேன்.

"டீயே குடுங்கண்ணே" என்றார், தெளிவாக.

"தொண்ட?"

"உஷ். அவங்க காதுல உழுந்துடப் போவுது."

சாயங்காலம் அந்தம்மா வந்தார். "எழுதிக் குடுக்கலம்மா. போய்த்தான் பாக்கறேன்."

"சந்தோஷங்கம்மா" என்றார் இவர், அதே கம்மிய குரலில்.

"மொதல்ல சுக்குக் கஷாயம் வச்சிக் குடி. நாளைக்கு வந்து கேப்பேன்" என்று அதட்டிவிட்டு அந்தம்மா பஸ் ஏறினார்.

இவர் சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றார். அதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.